வண்டி மறுத்த நாட்கள்

நவம்பர் 11

பருப்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. சாயங்காலக் காட்சிக்குச் சிவப்பு வண்டி மறுத்துவிட்டது.

என் கையில் இருக்கிற வண்டி மறுப்பதா? பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றுகிற இந்த மரணக் கிணற்றில் அப்பாவுக்குப் பிறகு ஸ்பானரைப் பிடித்த நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ஆற்றங்கரைத் திருவிழாவின் முதல் வாரம். மேலே சனம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. முதலாளி லட்டன் சாச்சா மைக்கில் "சாவோட கபடி ஆடற ஷம்ஷாத்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். இவர் பலகையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உதைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு தும்மல்கூட இல்லை. மூன்று உதையில் பிடிக்காவிட்டால் வண்டி மறுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அன்றைக்கு அந்த ஆளை வேறு எந்த வண்டியிலும் ஏறச் சொல்லக்கூடாது. முதலாளியே ஆனாலும் சொல்லக்கூடாது. இவரோடு கூட ஓட்டுகிற சந்தர்பால் தன் கறுப்பு வண்டியில் தனியாகச் சுற்றி ஒப்பேற்றினான்.

கூட்டம் கலைந்ததும் உட்கார்ந்தேன். ஹார்ன் அலறியது, ஆக பாட்டரியில் குறை இல்லை. பிளக்கைக் கழற்றி என்ஜின்மேல் சாய்த்து வைத்து உதைத்தேன். பொறி இல்லை. வலது மூடியைத் திறந்து பாயிண்டைப் பார்த்தேன். இரண்டு சின்ன உலோகப் பொட்டு, தொட்டுத் தொட்டுப் பிரிய வேண்டும். பிரிகிற நேரத்தில்தான் பிளக்கில் பொறி விழும். அதன்மேல் ஏதோ லேசாகப் படிந்த மாதிரி இருந்தது. உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு இழுத்தேன். பொறி நீலமாக, கொழுத்து வந்தது. உள்ளேயிருந்து ஆயில் கசிந்து பாயிண்டில் ஏறுகிறதோ என்னவோ.

நவம்பர் 12

நாள் முழுக்க ஓடியது. நல்ல பிள்ளை.

நவம்பர் 15

மறுபடியும்.

மத்தியானக் காட்சி, மூன்று உதை, ஒன்றும் இல்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். லட்டன் சாச்சா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "உங்கப்பன் இருந்தப்போ வண்டி சொன்ன பேச்சக் கேட்டுச்சு அஃப்ரோஸ். உன்கிட்ட மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குதே" என்றார். கடலை வண்டிக்காரன் சிரித்தான். அவனுக்கு வாயில் இருக்கிற பல்லையெல்லாம் எண்ணிக் கையில் கொடுத்திருப்பேன், இவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆயில் சீலை மாற்றினேன். கண்டென்சரையும் மாற்றினேன். அது செத்தால் பாயிண்ட் கருகும், பொறி நோஞ்சானாகிவிடும். மூடியைப் போடும் முன் வழக்கம்போல் உப்புத்தாளால் ஒரு இழுப்பு. உடனே பிடித்தது. இனி மறுக்கட்டும், பார்க்கிறேன்.

நவம்பர் 16

கீழே நிற்கும்போது மறுத்தால் அவமானம், அவ்வளவுதான். மேலே சுவரில் போகும்போது மறுத்தால்?

இன்றைக்குப் பூராவும் இதே நினைப்பு. வண்டி சுவரில் ஏறிவிட்டால் நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லை. வெளியே பலகைக்கு அடியில் உட்கார்ந்து காதால்தான் கேட்பேன். சத்தத்திலேயே தெரிந்துவிடும், எங்கே ஏறுகிறார், எங்கே கையை விடுகிறார் என்று. சுவரில் ஓடுகிறவரை ஒட்டவைத்திருப்பது அந்த வேகம்தான். ஒரு பொறி தவறினால் வேகம் போகும், வேகம் போனால் மனுஷன் கீழே வருவான். இன்று ஒவ்வொரு சுற்றுக்கும் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, குறை என்னவென்று தெரிகிற வரைக்கும் ஏறாதீங்க என்று சொன்னேன். "அப்படிச் சொல்ல முடியுமா?" என்றார். முடியாதுதான். வண்டி மறுக்கலாம், ஆள் மறுக்கக்கூடாது. "இன்னிக்கு வேணாம்" என்று ஒருத்தன் வாயால் சொல்லிவிட்டால் அதோடு அவன் கதை முடிந்தது. எந்தக் கிணற்றிலும் மறுபடி இடம் கிடையாது, கூடாரமும் கிடையாது. போன வருஷம் அப்படிச் சொன்ன ஒருத்தன் இப்போது சந்தையில் கோணி தூக்குகிறான். அவன் பேச்சு வந்தால் ஆண்கள் கீழே துப்புகிறார்கள்.

"நீ பார்த்துக் குடுத்தா போதும். உன் கை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நவம்பர் 19

இது பேய்தான். வேறென்ன.

பனி மூட்டம், குளிர், அதனால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம் என்றால் பக்கத்தில் கறுப்பு வண்டி ஒரே உதையில் கத்துகிறது. டவுனுக்கு ஓடினேன். கடைக்காரன் என் கையைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் வரலையா, என்ன பொருள்னு அவருக்குத்தானே தெரியும்" என்றான். என்ன காயில், எத்தனை வோல்ட், அவன் எடுத்துக் காட்டியது ஏன் போலி என்று நான் சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு நல்லதை எடுத்துக் கொடுத்தான்.

கரண்டை ஏற்றிக் கொடுக்கிற காயிலை மாற்றினேன். அங்கிருந்து பிளக்குக்குப் போகிற ஹெச்.டி. ஒயரையும் மாற்றினேன். பாயிண்டைத் துடைத்தேன். பிடித்தது.

மூடியைத் திருகும்போதுதான் உறைத்தது. அடி முட்டாளே. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று வேலையை ஒன்றாகச் செய்திருக்கிறாய். எதனால் சரியானது என்று உனக்கு எப்படித் தெரியும்? சீலா, கண்டென்சரா, காயிலா? எல்லா நாளும் மாறாமல் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்.

நவம்பர் 21

மறுத்தது. இந்தத் தடவை உப்புத்தாளைத் தொடவில்லை. ஒன்றையும் தொடவில்லை.

ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயரைக் கட்டினேன். ஒன்றைப் பாயிண்டில், ஒன்றை என்ஜின் உடம்பில். மெதுவாகச் சுற்றினால் பாயிண்ட் சேரும்போது பல்பு அணைய வேண்டும், பிரியும்போது எரிய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தது. பாயிண்ட் சேர்கிறது, கண்ணால் பார்க்கிறேன், ஆனாலும் கரண்ட் கடக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ உட்கார்ந்திருக்கிறது.

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். அழுக்கும் இல்லை, கருகலும் இல்லை. பளபளவென்று இருந்தது. அவ்வளவு பளபளப்பு பாயிண்டுக்கு ஆகாது. பிளேடு முனையால் சுரண்டினேன். மெல்லிசாக ஒரு தோல் உரிந்து வந்தது. அதை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் திருப்பினேன். அதில் ஒரு துணுக்கு மின்னியது. ரோஸ் கலர் மினுக்குத் துணுக்கு.

நகப் பாலிஷ்.

என் நகப் பாலிஷ். நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கினது. நிறமே இல்லாமல் மினுக்கு மட்டும் மிதக்கிற பாட்டில்.

கூடாரத்துக்கு ஓடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணத்துக்கு இரண்டு கைக்கும் போட்டதோடு சரி, முக்கால் பாட்டில் இருந்தது. இப்போது பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

யாரோ ஒருத்தர் என் கூடாரத்துக்குள் வந்து, என் பெட்டியைத் திறந்து, என் பாட்டிலை எடுத்து, என் புருஷன் உயிரை வைத்திருக்கிற வண்டியில் பூசிவிட்டு, மறுபடி பாட்டிலைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பூசினது அரைகுறையாக இருந்து, பாதிச் சுற்றில் பொறி நின்றிருந்தால்? யா அல்லாஹ். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

இவரிடம் சொல்லவில்லை. முதலில் ஆளைப் பிடிக்கிறேன்.

நவம்பர் 22

நான் ஒரு நாக்கு நீண்ட கழுதை.

தினமும் காலையில் சந்தர்பால் நம் கூடாரத்தில்தான் டீ குடிக்கிறான். இவருக்கு அடுத்தபடியாகக் கையை விட்டு ஓட்டத் தெரிந்தவன் அவன். இவர் இறங்கினால் மைக்கில் அவன் பேர். வேறு யாராக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கடலை வண்டிக்காரன், சீட்டுக் கிழிக்கிற ஆள், எல்லாரும் நிற்கும்போதே பாட்டிலை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, "உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியே பாவி" என்று கத்திவிட்டேன்.

அவன் பாட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அண்ணி, அண்ணன் விழுந்தா நான்தான் ஓடிப்போய்த் தூக்கணும். நானா பண்ணுவேன்?"

அவ்வளவுதான் சொன்னான். பதிலுக்கு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போய்த் தன் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவன் இல்லையென்றால் யார்?

நவம்பர் 23, காலை

இப்ப எழுத முடியல. பிறகு எழுதறேன்.

இல்ல, இப்பவே எழுதணும். எழுதலேன்னா கனவு கண்டேன்னு நானே நெனச்சுக்குவேன்.

விடிந்தும் விடியாமல் இவர் எழுந்தார். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கூடாரத்தின் நடுவில் நின்று ஒரு காலைத் தூக்கினார். கண்ணை மூடினார். உடனே சாய்ந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் என் பெட்டியைச் சத்தம் வராமல் திறந்தார்.

பின்னாலேயே போனேன். வண்டி மேல் போட்டிருந்த தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். குந்தி உட்கார்ந்து, மூடியைத் திறந்து, அந்தச் சின்ன பிரஷ்ஷால் பாயிண்டில் தடவினார். தடவிவிட்டு வாயைக் குவித்து ஊதினார். நான் நகத்துக்கு ஊதுகிற மாதிரியே.

இவரா. இவரேவா. ஏன்? என்ன பண்ணேன் நான் உங்களுக்கு?

நவம்பர் 23, சாயங்காலம்

மூன்று உதை. இவர் எவ்வளவு நன்றாக நடிக்கிறார். மூன்றாவது உதைக்குப் பிறகு கைப்பிடியில் ஒரு குத்து, ஒரு பெருமூச்சு. இத்தனை நாளும் அதைப் பார்த்து நான் கண்ணீர் விட்டிருக்கிறேன்.

லட்டன் சாச்சா என்னைக் கூப்பிட்டார். எல்லாரும் பார்க்கிறார்கள். மூடியைத் திறந்தேன். உப்புத்தாள் என் இடுப்பில்தான் இருந்தது. ஒரே ஒரு இழுப்பு போதும், வண்டி பிடித்துவிடும், நாளைக்கு இவர் ஏறுவார். நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் மேலுதட்டில் வேர்வை.

"தெரியல சாச்சா. எனக்குப் பிடிபடல" என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டியைப் பார்த்துத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

இவர் சட்டென்று என்னைப் பார்த்தார்.

நவம்பர் 24

கேட்டுவிட்டேன். பாட்டிலை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அதை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு இடது காதில் ஓயாமல் ஒரு இரைச்சலாம். சில நாள் ஒன்றும் இல்லையாம். சில நாள் தலை திரும்பினால் உலகமே கூடத் திரும்புகிறதாம். "கிணத்துலேர்ந்து இறங்கினப்புறமும் செவுரு நிக்க மாட்டேங்குது அஃப்ரோஸ். சுத்திக்கிட்டே இருக்கு. எது மேல, எது கீழன்னு தெரியல." காலையில் ஒற்றைக் காலில் நின்று பார்ப்பாராம். நிற்க முடிந்தால் ஏறுவார். முடியாவிட்டால் பாட்டில்.

அப்படியானால் நான் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தேன்? இவர் அடைத்து வைத்த வழியை ஒவ்வொரு தடவையும் நான் உப்புத்தாள் போட்டுத் திறந்துவிட்டிருக்கிறேன். பெருமையாக. நீலப் பொறி, கொழுத்த பொறி என்று எழுதி வேறு வைத்திருக்கிறேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது, தலையணையைத் தூக்கி அடித்தேன்.

"உன்கிட்ட சொன்னா, வாயால சொன்ன மாதிரி ஆயிடுமே" என்றார்.

கட்டின பொண்டாட்டியிடம், கூடாரத்துக்குள், காதோடு சொல்வதுகூட இந்த மனுஷனுக்குக் கிணற்றில் நின்று சொன்ன மாதிரிதான். இப்படி ஒரு வழக்கத்தை எவன் கண்டுபிடித்தான்?

நவம்பர் 26

காயில் டெல்லியிலிருந்து வர வேண்டும் என்று லட்டன் சாச்சாவிடம் புளுகிவிட்டு இவரை டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனேன். காதுக்குள் பார்த்தார், தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கட்டிலில் சாய்த்தார். இவர் கட்டில் விளிம்பைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. உள்காதுக் கோளாறு, மாத்திரையில் குறையலாம், குறையாமலும் போகலாம், ஏணிகூட ஏறக்கூடாது என்றார். என்ன வேலை என்று கேட்டார்.

"மரக்கடை" என்றார் இவர். பலகையைத் தொட்டுக் கும்பிடுகிற ஆள், பொய் என்று சொல்ல முடியாது. சிரிப்பு வந்தது. வெளியே வந்து ரிக்‌ஷாவில் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சாச்சாவிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லுங்க என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொல்லட்டுமா என்றேன். "நீ சொன்னா நான் பொண்டாட்டி பின்னால ஒளிஞ்சவன். அதுக்கு விழுந்தே செத்துடலாம்" என்றார். அப்படிப் பேசினால் நான் என்ன செய்ய.

நவம்பர் 29

என் பொய்க்கு உடனே கூலி கிடைத்துவிட்டது.

லட்டன் சாச்சா காயிலுக்குக் காத்திருக்கவில்லை. டெல்லியிலிருந்து ஒரு எலக்ட்ரானிக் பெட்டியையும் அதை மாட்ட ஒரு ஆளையும் வரவழைத்துவிட்டார். இந்தப் பெட்டி வந்தால் பாயிண்டே கிடையாது. தொடவும் வேண்டாம், பிரியவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், பூசவும் முடியாது. "இனிமே வண்டி வாயத் தொறக்காது" என்று சாச்சா கையைத் தட்டினார். நாளைக்குத் திருவிழாவின் கடைசி நாள். ஊரே வரும்.

பழைய பாயிண்டைக் கழற்றி அந்த ஆள் பெட்டியை மாட்டினான். நான் பக்கத்தில் நின்றேன். உதைத்தான், பிடிக்கவில்லை. இன்னும் உதைத்தான், பிடிக்கவில்லை. அவனுக்கு வேர்த்துவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பான்.

இருந்தேனா? "அந்தப் பச்சை ஒயர் அங்க இல்ல, பிரேம்ல முடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லவில்லை, என் வாய் சொன்னது. தப்பாக மாட்டின ஒயரைப் பார்த்தால் எனக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி, எடுக்காமல் இருக்க முடியாது. அவன் மாற்றினான். முதல் உதையில் பிடித்தது.

இவர் கூடார வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் முகம் போன போக்கை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

நவம்பர் 30

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வலது கையில் இன்னும் எரிச்சல் இருக்கிறது, எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் இவர் ஒற்றைக் காலில் நின்றார். கண்ணை மூடுவதற்குள் விழுந்தார். கம்பத்தில் இடித்து நெற்றி வீங்கியது. எழுந்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு பூட்ஸைப் போட ஆரம்பித்தார். கயிறு கட்ட முடியவில்லை, குனிந்தால் சுற்றுகிறது. நான் காலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லுங்க, கோணி தூக்கலாம், தெருக் கூட்டலாம், நான் பார்த்துக்கறேன் என்று கெஞ்சினேன். "கயித்த மட்டும் கட்டி விடு" என்றார்.

கட்டிவிட்டேன். என்ன மனுஷி நான், கட்டிவிட்டேன்.

மேலே இடமில்லாமல் சனம். தகரக் கூரையின் மேலெல்லாம் பிள்ளைகள். நான் வழக்கம்போல் வெளியே பலகைக்கு அடியில் உட்காரவில்லை. முதல் தடவையாக, இவர் ஏறும்போது கிணற்றுக்குள்ளேயே கதவோரம் நின்றேன். இவர் பலகையைத் தொட்டார். ஒரே உதை. வண்டி பிடித்து, கிணறு முழுக்க இரைந்தது. இவர் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை, கோபம் இல்லை. போய்வருகிறேன் என்கிற மாதிரி ஒரு பார்வை.

அப்புறம் நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய் ஓடுகிற என்ஜினில் கைவைத்துப் பிளக் தொப்பியைப் பிடுங்கினேன். கரண்ட் தோள்பட்டை வரை ஓங்கி ஒரு உதை உதைத்தது. பல்லெல்லாம் கூசியது. நான் பலகையில் போய் விழுந்தேன், தொப்பி என் கையோடு வந்துவிட்டது. வண்டி செத்தது.

இப்படி ஒரு அமைதி அந்தக் கிணற்றுக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"என்னடி பண்றே?" லட்டன் சாச்சா மைக்கை அணைக்க மறந்துவிட்டார், ஊருக்கே கேட்டது.

"வண்டி மறுத்துடுச்சு" என்றேன்.

"நீதானே புடுங்கினே!"

"வண்டிக்குப் பொறுப்பு நான். நான் மறுத்தா வண்டி மறுத்த மாதிரிதான். இவர் மறுக்கல. இவர் உதைச்சாரு, பிடிச்சுச்சு, ஏறத் தயாரா நின்னாரு. எல்லாரும் பார்த்தீங்க. வேணாம்னு சொன்னது நான். வழக்கத்துல என்னைப் பத்தி ஒண்ணும் இல்லல்ல?"

சாச்சா மைக்கை அணைத்தார். வழக்கத்தில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. ஸ்பானர் பிடிக்கிறவளை யார் எண்ணினார்கள்? இவர் வண்டியிலிருந்து இறங்கினார். இரண்டு அடி வைத்ததும் தள்ளாடி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வண்டி நிற்கிறது, சுவர் நிற்கிறது, தரையில் இருக்கிற மனுஷன் விழாமல் இருக்க மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேலே இருந்து அதை அத்தனை பேரும் பார்த்தார்கள். லட்டன் சாச்சாவும் பார்த்தார்.

டிசம்பர் 1

லட்டன் சாச்சா கூடாரத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். கத்தவில்லை, திட்டவில்லை, அதுதான் ஆச்சரியம். "புடுங்கறதுக்கு முன்னால என்கிட்ட வந்திருக்கணும்" என்றார். வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சந்தர்பால் சாமானையெல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றினான். அன்றைக்கு உன்னைப் பேசினதுக்கு என்னை மன்னிச்சுடுப்பா என்றேன். கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "எனக்குத் தெரியும் அண்ணி. செவுத்துல அண்ணன் பின்னால நான்தானே போறேன். மழை முடிஞ்சதுலேர்ந்தே வண்டி அலையுது" என்றான்.

தெரிந்துகொண்டே அத்தனை பேர் நடுவில் நான் பேசினதை வாங்கிக்கொண்டானா? அப்போ ஏன்டா சொல்லல என்றேன்.

"அண்ணனே சொல்லாதத நான் எப்படிச் சொல்றது?"

இந்தக் கிணற்று ஆண்களை என்ன சொல்லி அழுவது.

டிசம்பர் 20

இப்போது இருப்பது நாத்தனார் வீட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்து அறையில். மாத்திரை கேட்கிற மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. என்னோடு பேசுகிறார், ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஜனவரி 17

நெடுஞ்சாலை ஓரம், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை ஒன்று கிடைத்தது. பழைய வண்டிகள் மட்டும் பார்ப்போம் என்று எழுதி மாட்டினேன். பேர் என்ன போடுவது என்று கேட்டேன். "உன் பேரு போடு" என்றார். குத்தலா, நிஜமா, தெரியவில்லை. போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9

வருகிறவனெல்லாம் "மெக்கானிக் எங்கே" என்று என்னிடமே கேட்கிறான். இவர் வாசலில் உட்கார்ந்து என்னைக் கை காட்டுகிறார். இன்று ஒருத்தன் முழித்த முழியைப் பார்த்துச் சிரித்தார். மழைக்காலத்துக்குப் பிறகு இவர் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 3

பால்காரர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சூடானால் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது என்றார். காயில்தான். அதை மட்டும் மாற்றினேன், வேறு ஒன்றையும் தொடவில்லை.

சூடாகிற வரைக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பால்காரர் என்னை விட்டுவிட்டு இவரிடம் திரும்பி, "பாய், நீங்க கிணத்துல கையை விட்டு ஓட்டின ஆளாமே. நீங்களே ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, பாக்க ஆசையா இருக்கு" என்றார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். இவருக்கு அவசர வேலை இருக்கிறது என்று ஏதோ ஒரு பொய்யை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"நான் ஏறமாட்டேன்" என்றார் இவர். "எனக்குத் தலை சுத்தும். அவ ஓட்டிப் பாப்பா."

வாயால் சொன்னார். நடு ரோட்டில், அத்தனை பேர் காதில் விழும்படி சொன்னார். என் கையிலிருந்த கந்தல் துணி கீழே விழுந்துவிட்டது. இவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் திகைப்புத்தான், சொன்னது தான்தானா என்று.

ஒருத்தரும் துப்பவில்லை. யாருடைய குடியும் முழுகவில்லை. பால்காரர் "அப்படியா, எங்க மாமனாருக்கும் அதே தொல்லைதான்" என்று சொல்லிவிட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார். டீக்கடைக்காரர்கள் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள்.

துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தேன். கரும்பு ஆலை வரைக்கும் போய்த் திரும்பினேன், எங்கேயும் நிற்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இவர் கடை வாசலில் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காதை ரோட்டுப் பக்கம் திருப்பி, வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.